இணைப்பு இல்லாத மனு

பாசத்துக்கும் மரியாதைக்கும் உரிய தங்கதுரை மாமா அவர்களுக்கு,

ஓசூரிலிருந்து, இல்லை, ஓசூருக்கு எதிர்க்கரையிலிருந்து, உங்கள் அக்கா மகள் சத்யப்ரியா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம் என்று தொடங்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் நலம். நான் பயத்தில் இருக்கிறேன். உங்கள் நலமும் அத்தையின் நலமும் அறிய ஆவல். அதைவிடப் பெரிய ஆவல், இதைப் படித்து முடித்ததும் கிழித்துப் போடுவீர்களா என்று அறிவது. அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். இந்தப் புது வீட்டுச் சுவரில் ஆணி இறங்காது, பேச்சு மட்டும் இறங்கும். ஹாலில் கொட்டாவி விட்டால் படுக்கையறையில் 'தூங்குடி' என்று அம்மா சொல்கிறாள். அதனால் செவ்வாய்க்கிழமை இரவு, சமையலறைத் தரையில் உட்கார்ந்து, கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டுக்கு நடுவில் வைத்து எழுதுகிறேன். அப்பா ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால் உப்புகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லிக்கொள்வேன்.

விஷயம் இரண்டு மாமா. ஒன்று, அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் என்னைக் கல்லாவிக்கு அனுப்பி, உங்கள் வீட்டில் தங்கிப் படிக்கவைக்க அப்பா முடிவு செய்துவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் கேட்பார். நீங்கள் முடியாது என்று சொல்ல வேண்டும். இரண்டு, நாளை மறுநாள் வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு நீங்கள் என் அப்பாவாக இருக்க வேண்டும். உடனே கோபப்படாதீர்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

எல்லாம் அந்த விளம்பரத் தாளில் ஆரம்பித்தது. பெண்ணைக்கரை கார்டன் சிட்டி என்று பெயர் போட்டு, தென்பெண்ணை ஆற்றைச் சுத்தமான நீல நிறத்தில் அச்சடித்து, அதன் கரையில் எங்கள் கட்டடத்தை நிறுத்தி, கீழே 'சிறப்பான போக்குவரத்து இணைப்புகள்' என்று ஒரு வரைபடம் போட்டிருந்தார்கள். ஆற்றின் மேல் ஒரு பாலம், அதிலிருந்து நூறடி ரோடு, அந்த ரோட்டில் ஒரு பேருந்து நிலையம், அதற்கும் அப்பால் பெங்களூரிலிருந்து ஒரு மெட்ரோ ரயில். ஓசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பன்னிரண்டே நிமிடம். அப்பா அதை நம்பி ஏமாந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. பார்க்கப் போன அன்று கையில் வாட்சைப் பிடித்துக்கொண்டேதான் வந்தார். ஏப்ரல் மாதம், கம்பெனிக்காரர்களின் ஏசி வேன், தரைப்பாலத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பதினொன்றரை நிமிடம் ஆனது. 'அரை நிமிஷம் நமக்கு லாபம்' என்றார். படத்தில் இருந்த பாலம், ரோடு, ரயில் எல்லாமே புள்ளிக்கோட்டில் இருந்ததையும், மூலையில் எறும்பு எழுத்தில் 'புள்ளிக்கோடுகள் உத்தேசமானவை' என்று இருந்ததையும் குடி வந்த பிறகு நான்தான் படித்தேன். படித்ததை யாரிடமும் சொல்லவில்லை.

மழை வந்தது. அணையில் தண்ணீர் திறந்தார்கள். தரைப்பாலம் மூழ்கியது. தண்ணீர் வடிந்தாலும் அதன் மேல் கழிவுநீர் நுரை ஆளுயரத்துக்கு வந்து நின்றுகொண்டது. எதிர்க்கரையில் ஓசூர் தெரிகிறது மாமா. ராத்திரியில் கடை போர்டுகளின் நிறம்கூடத் தெரிகிறது. நேராகப் போனால் முக்கால் கிலோமீட்டர். சுற்றிப் போனால் பதினாறு. ஒன்பது மணி பள்ளிக்கு நான் ஆறு மணிக்குக் கிளம்பி, மூன்று கிலோமீட்டர் நடந்து, கிராமத்துக் கோயில் வரைக்கும் வரும் மினி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பிடித்தால் உண்டு. அந்த டிரைவர் கோயிலைச் சுற்றித் திரும்பும்போதே கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பார், அப்போது நாம் கண்ணில் படவில்லை என்றால் அவ்வளவுதான். ஷேர் ஆட்டோவைக் கேட்டால், "ஆத்துக்கு அந்தாண்டயா? பரல்லம்மா பரல்ல," என்று கன்னடத்தில் மறுத்துவிட்டு, நமக்குப் புரியவில்லையோ என்று தமிழிலும், பிறகு தெலுங்கிலும் மறுப்பார்கள். மூன்று மொழியிலும் எனக்கு நன்றாகப் புரிகிறது.

அப்பாவுக்கு ஏ ஷிப்ட் வரும் வாரம் வண்டியில் கொண்டுபோய் விடுவார். ஐந்தே முக்காலுக்குப் பள்ளி வாசலில் நான், பூட்டு, மூன்று நாய்கள். பி ஷிப்ட் வாரத்தில் அவர் வீடு வந்து படுக்கவே நள்ளிரவு தாண்டிவிடும், எழுப்ப அம்மா விடமாட்டாள். அந்த வாரங்களில்தான் நான் ரோஜா வண்டியில் போக ஆரம்பித்தேன். தோட்டத்திலிருந்து பூ மார்க்கெட்டுக்குப் போகும் வேன்கள் எங்கள் கேட் வழியாகத்தான் போகும். பெரிய டிரைவர் ஐயாக்கள், பாவம், பூக்கட்டுகளுக்கு நடுவில் உட்காரவைத்து இறக்கிவிடுவார்கள். ஒருநாள் புத்தகம் எடுக்கப் பையைத் திறந்தபோது வகுப்பில் ஏழெட்டு ரோஜா விழுந்தது. டீச்சர் பாடத்தை நிறுத்திவிட்டார்.

"யாருடி குடுத்தது?"

"டிரைவர் வண்டியில இருந்தது, மிஸ்."

"எந்த டிரைவர்?"

"பேர் தெரியாது, மிஸ். தினமும் வேற வேற டிரைவர்."

வகுப்பே எழுந்து நின்று என்னைப் பார்த்தது. நாளைக்கு அம்மாவோடுதான் வரவேண்டும் என்றார் டீச்சர். அம்மா வர பஸ் இல்லை, மிஸ் என்றேன். பதில் பேசுகிறேன் என்று அதற்குத் தனியாக ஒரு பீரியட் வெளியே நிற்கவைத்தார். உண்மையைச் சொல்லும்போது அது ஏன் இவ்வளவு பொய்யாகக் கேட்கிறது என்று அந்த ஒரு பீரியடும் யோசித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு சம்பங்கி அக்கா வந்தாள். எங்கள் கட்டடத்தில் பாதி வீடுகள் விற்கவில்லை மாமா. அதையெல்லாம் ஒரு கம்பெனி எடுத்து, வேலை செய்யும் பெண்களைத் தங்கவைத்திருக்கிறது. சம்பங்கி அக்கா மூன்றாவது மாடி, அரூர் பக்கம் சொந்த ஊர். அவர்களுக்குக் கம்பெனி பஸ் கேட்டுக்குள்ளேயே வந்து ஹாரன் அடிக்கிறது. வீடு வாங்கியவர்களுக்கு ஒரு பஸ்ஸும் இல்லை, வேலைக்கு வந்தவர்களுக்கு மூன்று. மழையில் நான் நிற்பதைப் பார்த்துவிட்டு, வேலையை விட்டுப் போன ஒரு பெண்ணின் அடையாள அட்டையையும் நீலக் கோட்டையும் கொண்டுவந்து கொடுத்தாள்.

"இத்த மாட்டிக்க பாப்பா. ஜங்ஷன்ல எறங்கிக்க. எவனாச்சும் கேட்டா 'லைன் த்ரீ'ன்னு சொல்லு. அதுக்கு மேல யாரும் கேக்கமாட்டாங்க."

இரண்டு நாள் ராஜமரியாதையாகப் போனேன். மூன்றாம் நாள் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது பஸ் கம்பெனிக்குள் இருந்தது. எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றார்கள், நானும் நின்றேன். கையைத் தூக்கி இறக்கி உடற்பயிற்சி செய்தார்கள், நானும் செய்தேன். மேற்பார்வையாளர் ஒருவர் என்னிடம் வந்து, "புதுசா? பரவால்லயே, கை நல்லா மேல போவுது," என்றார். பள்ளியில் இந்த வருடம் யாரும் என்னைப் பாராட்டவில்லை மாமா. ஒரு நிமிடம் எனக்கு இங்கேயே இருந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அந்த நிமிடத்தை நினைத்தால்தான் இப்போதும் பயமாக இருக்கிறது. பிறகு பெருமாள் என்கிற செக்யூரிட்டி தலை எண்ணிக்கொண்டு வந்தார். லிஸ்டில் நாற்பத்திரண்டு, பஸ்ஸில் வந்தது நாற்பத்து மூன்று.

"நீ யாரும்மா?"

"லைன் த்ரீ, சார்."

"லைன் த்ரீக்கு இன்னிக்கி லீவு."

அழுதுவிட்டேன். கோட்டுக்குள் இருந்த பள்ளிச் சீருடையைக் காட்டினேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "படிப்ப விட்டுட்டு வேலைக்கி ஓடியாந்தவங்கள நெறைய பாத்திருக்கறன். வேலைய விட்டுட்டுப் படிக்க ஓடறவள இப்பத்தாம்மா பாக்கறன்," என்று சொல்லி, கேன்டீனுக்குக் காய்கறி இறக்கிய டெம்போவில் ஏற்றி அனுப்பினார். அன்று முட்டைக்கோஸ் வாசனையோடு பள்ளிக்குப் போனேன். ரோஜாவுக்குக் கேட்டதுபோல் முட்டைக்கோஸுக்கு யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சம்பங்கி அக்காவுக்குக் கம்பெனியில் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். மாடிக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "வுடு பாப்பா. படிச்சுப் பாத்தன், எம்பேர 'செம்பருத்தி'ன்னு அடிச்சிருக்காங்க. அது வேற யாருக்கோ," என்று சிரித்தாள். அப்புறம் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "நானும் ப்ளஸ் ஒன் வரைக்கும் வந்தவதான். எங்கூருக்கு ஒரே பஸ்ஸு. அது ஒருநாள் நின்னுபோச்சு. நானும் நின்னுட்டன்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள் மாமா. பஸ் நின்றது, நானும் நின்றேன். நீங்கள் கண்டக்டர், உங்கள் பஸ் நிற்கும்போது யாராவது ஏறுவார்கள், இறங்குவார்கள். ஒரு பஸ் நின்றதும் ஒரு பெண்ணின் படிப்பு அப்படியே நின்றுபோகும் என்று நீங்கள் நினைத்துப் பார்த்திருக்கிறீர்களா? அன்று ராத்திரிதான் நான் மனு எழுதினேன்.

இனிமேல் சொல்வதுதான் பயப்படவேண்டிய பகுதி. மைனர் மனு கொடுத்தால் எடுக்கமாட்டார்கள் என்று வகுப்பில் ஒருத்தி சொன்னதால், அப்பா பெயரில் எழுதி அப்பா கையெழுத்தை நானே போட்டேன். தயவுசெய்து அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். விளம்பரத் தாளில் இருந்த நல்ல வார்த்தையையே எடுத்து, 'ஐயா, எங்கள் குடியிருப்புக்கு எவ்வித இணைப்பும் இல்லை. உடனடியாக இணைப்பு வழங்க வேண்டுகிறேன்' என்று எழுதி, ஓர் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பினேன். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். பெரியது. பத்து நாளில் பதில் வந்தது.

'தங்கள் மனுவில் இணைப்பு ஏதும் இல்லை எனத் தாங்களே தெரிவித்துள்ளீர்கள். இணைப்பு இல்லாத மனுவைப் பரிசீலிக்க இயலாது. உரிய இணைப்புடன் மீண்டும் சமர்ப்பிக்கவும்.'

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இணைப்பு என்றால் மனுவோடு சேர்த்துக் குத்துகிற தாள் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். 'ஐயா, இணைப்பு இருந்தால் நான் ஏன் மனு போடுகிறேன்?' என்று திரும்ப எழுதினேன். அது வேறொரு பிரிவுக்குப் போய், அங்கிருந்து இன்னொரு துறைக்குப் போய், ஒரு சனிக்கிழமை லைன்மேன் ஒருவர் ஏணியோடு வந்து நின்றார். "இணைப்பு இல்லேன்னு கம்ப்ளைன்ட்டு. ஆனா ஃபேன் ஓடுதே?" என்று அம்மாவிடம் கேட்டார். நல்ல வேளை, அப்பா கடைக்குப் போயிருந்தார். அம்மா அவருக்கு மோர் கொடுத்து, "ஓடுதுங்க, நல்லாத்தான் ஓடுது," என்று அனுப்பிவைத்தாள்.

மூன்றாவது முறை புத்தியோடு நடந்துகொள்வதாக நினைத்து, அந்த விளம்பரத் தாளையே ஜெராக்ஸ் எடுத்து, 'இணைப்பு: ஒன்று' என்று எழுதி அனுப்பினேன். ஜெராக்ஸில் ஒரு துரோகம் நடந்துவிட்டது மாமா. புள்ளிகள் எல்லாம் ஒட்டிக்கொண்டு முழுக்கோடாகிவிட்டன. எறும்பு எழுத்து ஒரு கறுப்புக் கறையாகிவிட்டது. பதில் வந்தது: 'தாங்கள் அனுப்பிய இணைப்பில் கண்டபடி தங்கள் குடியிருப்புக்குப் பாலம், நூறடிச் சாலை, பேருந்து நிலையம் மற்றும் ரயில் வசதி ஆகியவை ஏற்கெனவே உள்ளதால், கோரிக்கை நிறைவேற்றப்பட்டதாகக் கருதி மனு முடித்துவைக்கப்படுகிறது.'

அதைக் கேட் பக்கத்தில் நின்று படித்தேன். எனக்கு முன்னால் ஆறு நுரை தள்ளிக்கொண்டு போனது. காகிதத்தில் எனக்கு ரயில்கூட இருக்கிறது. காலில் செருப்பு அறுந்திருக்கிறது. அந்தக் கோபத்தில்தான் நான்காவது மனு: 'ஐயா, தாங்கள் நேரில் வந்து அந்தப் பாலத்தில் நடந்து காட்டவும்.' கோபத்தில் எழுதியதற்குத்தான் உடனே பலன் கிடைக்கும் போலிருக்கிறது. நேற்றுத் தபால் வந்தது. வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கள ஆய்வுக்கு அதிகாரி வருகிறார். மனுதாரர் சிவராஜ் அசல் கையெழுத்துடன் நேரில் ஆஜராக வேண்டும். இந்த வாரம் அப்பாவுக்கு பி ஷிப்ட். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அவர் வீட்டில்தான் இருப்பார்.

என் திட்டம் இதுதான். வியாழக்கிழமை விடியற்காலையில் நீங்கள் அப்பாவுக்கு போன் செய்து, கிணற்று மோட்டார் எரிந்துவிட்டது, மச்சான் கை வைத்தால்தான் ஓடும் என்று கல்லாவிக்கு வரச்சொல்ல வேண்டும். அதே நேரத்தில் நீங்கள் இங்கே வந்து பதினோரு மணிக்கு சிவராஜாக நிற்க வேண்டும். இதில் ஒரு குறை இருக்கிறது. நீங்கள் வரும்போது அப்பா போவார், இரண்டு பேரும் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கச் சந்தித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. பஸ்களின் நேரம் உங்களுக்குத்தான் தெரியும், பார்த்துச் செய்யுங்கள்.

கல்லாவி வேண்டாம் என்று சொல்வது உங்கள் மேல் பிரியம் இல்லாமல் இல்லை. அத்தை வைக்கும் கொள்ளு ரசத்துக்காகவே வருவேன். ஆனால் என் குரூப் அங்கே இருக்கிறதா என்றுகூட அப்பா கேட்கவில்லை. அதைவிட இன்னொரு காரணம். இந்தக் கட்டடத்தில் படிக்கிற வயதில் இருந்த ஐந்து பேரில் நான்கு பேரை ஏற்கெனவே சொந்தக்காரர் வீடுகளுக்கும் ஹாஸ்டலுக்கும் அனுப்பிவிட்டார்கள். நானும் போய்விட்டால், இங்கே பஸ் வேண்டும் என்று கேட்க ஒருவரும் இல்லை. கேட்க ஆள் இல்லாத இடத்துக்கு பஸ் எப்படி வரும்? பஸ் இல்லாததால் ஆட்கள் போகிறார்கள். ஆட்கள் இல்லாததால் பஸ் வராது. இதில் யார் முதலில் நிற்பது என்று நான் நிறைய யோசித்துவிட்டேன். நான்தான் நிற்க வேண்டும் போலிருக்கிறது.

அப்பாவைத் தப்பாக நினைக்காதீர்கள். அவர் ஒருநாளும் பஸ் இல்லை என்று வாயால் சொன்னதில்லை. கூட வேலை செய்கிறவர்கள் போனில் கேட்டால், "சூப்பரா இருக்குது சார், காத்து அப்பிடியே அள்ளுது," என்கிறார். போன வாரம் பால்கனியில் தனியாக நின்று அந்த விளம்பரத் தாளை விரித்துவைத்து, புள்ளிக்கோட்டின் மேல் விரலை வைத்து மெதுவாக ஆற்றைத் தாண்டினார். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் விரலை எடுத்துவிட்டு எதிர்க்கரை விளக்குகளைப் பார்த்தார். என்னை அனுப்புவது என் படிப்புக்காகத்தான். ஆனால் நான் நடந்து போவதை தினமும் பார்க்க அவரால் முடியவில்லை என்பதும் அதில் இருக்கிறது. இதை நான் கவனித்தேன் என்று அவருக்குத் தெரிந்தால் தாங்கமாட்டார். அதனால்தான் மூன்றாவது முறையும் கேட்டுக்கொள்கிறேன், அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் பஸ்ஸுக்கு டயர் தேயாமல், உங்கள் விசிலுக்குத் தொண்டை கட்டாமல் இருக்க வேண்டிக்கொள்கிறேன். எனக்கு ஆசீர்வாதம் சொல்லுங்கள். கோபமாக இருந்தால் பாதி சொன்னாலும் போதும்.

இப்படிக்கு,
இந்த ஒரு விஷயம் தவிர மற்றதில் சொன்ன பேச்சுக் கேட்கும் உங்கள் மருமகள்,
சத்யப்ரியா

பின்குறிப்பு: உறைக்குள் போடும்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தபால் பெட்டி கோயில் பக்கத்தில். நாளை புதன்கிழமை போட்டால், நாளையே எடுத்தால், கல்லாவிக்கு எப்படியும் வெள்ளிக்கிழமை ஆகும். ஆய்வு வியாழக்கிழமை. ஆகவே மாமா, இந்தக் கடிதம் உங்களுக்கு இல்லை.

அப்பா, இது உங்களுக்கு. உங்கள் ஹெல்மெட்டுக்குள் வைக்கிறேன். மேலே 'மாமா' என்று இருக்கும் இடத்திலெல்லாம் 'அப்பா' என்று படித்துக்கொள்ளுங்கள். 'அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்' என்று மூன்று இடத்தில் வரும், அவற்றை மட்டும் அடித்துவிடுங்கள். நான் இங்கேயே இருக்கிறேன், அப்பா. நடக்கிறேன். எனக்குக் கால் வலிக்கவில்லை. வலித்தால் சொல்கிறேன், நீங்களும் பஸ் இல்லை என்று சொல்லுங்கள். அதிகாரி கையெழுத்தைக் காட்டி 'இது உங்களுடையதா?' என்று கேட்பார். இல்லை என்றால் இல்லை என்றே சொல்லலாம், நான் பக்கத்தில்தான் நிற்பேன். ஆமாம் என்று சொல்வதாக இருந்தால், போட்டுக் காட்டச் சொல்வார். நீங்கள் எப்போதும் உங்கள் பெயரின் கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டீர்கள். நான் நான்கு மனுவிலும் வைத்திருக்கிறேன். புள்ளியை மறந்துவிடாதீர்கள்.